சப்பாத்துக் கணக்கு: பாதுகாப்பு அமைச்சின் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்பு அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும், இராணுவத் தளபதி அவர்களுக்கும்,

2025 பெப்ரவரி 19ஆம் திகதி காலை கொழும்பு புதுக்கடை இலக்கம் 5 நீதவான் நீதிமன்றத்தில் துப்பாக்கி வெடித்தபோது, அதே வளாகத்தில் இன்னொரு நீதிமன்றத்தின் வராந்தாவில் நான் கோப்புக் கட்டோடு நின்றேன். பக்கத்தில் நின்ற பிள்ளை பட்டாசா என்று கேட்டாள். முல்லைத்தீவில் பிறந்த எனக்கு அந்தச் சத்தத்தில் சந்தேகம் வராது. சட்டத்தரணி உடையில் வந்த ஒருவர், கூண்டில் நின்ற பாதாள உலகப் புள்ளியைச் சுட்டுக் கொன்றார். துப்பாக்கி வந்தது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைக்குள். புத்தகத்தின் நடுவைக் குடைந்து ஒளித்திருந்தார்கள். அதே புத்தகத்தின் ஒரு பிரதி என் மேசையிலும் இருக்கிறது. இருபத்து மூன்று வருடமாகச் சட்டத்தரணி ஒருவரின் எழுதுவினைஞராக வேலை செய்கிறேன். அன்றிலிருந்து அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நடுப்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறேன்.

சுட்டவர் முன்னாள் கொமாண்டோ என்று அன்றே செய்தி பரவியது. வழக்கு நடக்கிறது, அதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. சேவையிலிருந்து தப்பியோடிய படையினரைக் கைது செய்யும்படி சில நாட்களுக்குள் முப்படைகளுக்கும் உத்தரவு போனது. அதற்கு முந்திய வருடம், 2024 ஏப்ரல், மே மாதங்களில், இதே ஆட்களுக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்திருந்தீர்கள். 15,000 பேருக்கு மேல் வந்து சட்டப்படியான விலகல் கடிதம் வாங்கிப் போனார்கள். முந்திய வருடங்களிலும் இப்படிப் பல மன்னிப்புகள் வந்து போயின. ஒரு வருடம் மன்னிப்பு, அடுத்த வருடம் கைவிலங்கு. இரண்டுக்கும் நடுவில் அந்த ஆளுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒருவர் என் பக்கத்து வீட்டில் இருந்தார்.

வத்தளைப் பக்கம் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கும் அவர்களுடைய வீட்டுக்கும் ஒரே மதில். அவரை நான் மல்லி, சிங்களத்தில் தம்பி, என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை அக்கே என்பார். சிறப்புப் பயிற்சி பெற்ற படையணி ஒன்றில் இருந்தவர். எந்தப் படையணி, எந்த முகாம் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவருடைய வழக்கு இன்னும் முடியவில்லை. 2007இல் பத்தொன்பது வயதில் சேர்ந்தார். 2014இல் லீவில் வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "சும்மா இருக்க முடியவில்லை அக்கே, சண்டை முடிந்த பிறகு முகாமில் புல் வெட்டச் சொன்னார்கள்" என்றார். அதுதான் முழுக் காரணமா என்று எனக்குத் தெரியாது.

போனவருக்கு அடையாளம் இல்லாமல் போனது. வங்கியில் வேலை, கம்பனியில் வேலை எதற்கும் விலகல் கடிதம் கேட்கிறார்கள். கடிதம் கேட்காத இடங்களில்தான் வேலை செய்தார். ஒரு களஞ்சியத்தில் இரவுக் காவல், பிறகு வாடகைக்கு ஓட்டோ. தூங்குவது கட்டிலில் அல்ல, வாசல் கதவுக்குக் குறுக்கே பாய் போட்டு. தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வெடி கொளுத்தினால் முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டு வருவேன். சொல்ல மறந்த வருடம் மதில் ஏறிக் குதித்து எங்கள் முற்றத்தில் நின்றார், கையில் கத்தியோடு. பிள்ளைகளைப் பார்த்ததும் கத்தியைப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அவருடைய மனைவி கதவைத் தட்டினாள். மல்லி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நிற்கிறார், குழந்தையைத் தரமாட்டேன் என்கிறார் என்றாள். போனேன். இருட்டில் நின்றவர் உதட்டில் விரலை வைத்து, "சத்தம் போட வேண்டாம், தண்ணீரைக் கடக்கிறார்கள்" என்றார். எந்தத் தண்ணீர் என்று எனக்குத் தெரியும் ஐயா, போரின் கடைசி நாட்களின் நந்திக்கடல். 2009 மே மாதம் அந்தத் தண்ணீருக்கு மறுகரையில்தான் என் அண்ணன் இருந்தான். அதன் பிறகு அவனைப் பற்றி எங்களுக்கு ஒரு தகவலும் இல்லை. அந்த இரவில் நான் ஒன்றும் பேசவில்லை. விடியும் வரை அந்த வாசலில் உட்கார்ந்திருந்தேன். குழந்தைக்குப் பால் கரைக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்ன பிறகு கொடுத்தார்.

காலையில் அவள், கலியாணமான புதிதில் அவர் கொடுத்து வைத்திருந்த முகாம் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தாள். வைத்தியம் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டாள். மறுமுனையில் இருந்தவர் அவருடைய படை இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஆள் இப்போது எங்கே? முகவரியைச் சொல்லுங்கள், வந்து ஏற்றுகிறோம்" என்றார். அவள் வைத்துவிட்டாள். அதன் பிறகு எந்த இடத்துக்கும் அவள் எடுக்கவில்லை. அரசாங்க வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகலாம் என்றேன். அங்கே என்ன வேலை செய்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று பயந்தாள். நீங்கள் கைது உத்தரவு போடும்போது இந்தப் பயமும் சேர்ந்தே போகிறது.

2024இல் மன்னிப்பு வந்தபோது இந்த வீட்டில் எவ்வளவு சந்தோஷம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மத்தியானத்துக்குள் கடிதத்தோடு வந்துவிட்டார். மனைவி கிரிபத், அதாவது பாற்சோறு, செய்து எங்களுக்கும் ஒரு தட்டு அனுப்பினாள். அங்கே என்ன கேட்டார்கள் என்று விசாரித்தேன். அடையாள அட்டை கேட்டார்களாம். கடன் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று பார்த்தார்களாம். சப்பாத்து ஒரு சோடி குறைவதாகப் பதிவில் இருந்ததாம். அதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்தாராம். வேறு? வேறு ஒன்றும் இல்லை அக்கே, எல்லோரும் நல்ல மாதிரி என்றார்.

ஐந்து மாதம் கழித்து மச்சானோடு காசுத் தகராறில் மன்னாக் கத்தியை எடுத்தார். மச்சானுக்கு இரண்டு விரல் இல்லை. பிணை மனுவை எங்கள் காரியாலயத்தில்தான் அடித்தோம், நான்தான் அடித்தேன். "எனது கட்சிக்காரர் தாய்நாட்டுக்காக ஏழு வருடம் சேவையாற்றியவர்" என்ற வரியை. இந்த வரியை இத்தனை வருடத்தில் எத்தனை மனுவில் அடித்திருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. பிணைக்காக எழுதும் வரி அது. நீதவானும் தலையாட்டிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார். அந்த ஏழு வருடத்தில் என்ன நடந்தது என்று கேட்கும் இடம் எந்தப் படிவத்திலும் இல்லை.

ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களே கேட்கிறார்கள், அதுவும் கொஞ்சம் கோபமாக. சரி, அதற்கும் பதில் சொல்கிறேன்.

போர் முடிந்ததும் புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் என்று 12,000 பேர் அளவில் புனர்வாழ்வுக்கு அனுப்பினீர்கள். என் சித்தி மகனும் போனான். அவன் அங்கே பட்டதைப் பற்றி இங்கே பேசவில்லை, அது வேறு மடல். ஆனால் அந்தத் திட்டத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருந்தது: ஆயுதம் தூக்கியவனை அப்படியே ஊருக்குள் விடக்கூடாது, அவன் மனம், தொழில், குடும்பம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் விடவேண்டும் என்று. தச்சு வேலை பழக்கினார்கள், ஆலோசகர்கள் வந்து பேசினார்கள். வெளியே வந்த பிறகும் வருடக்கணக்கில் யாராவது வீட்டுக்கு வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கேள்வியில் பாதி மிரட்டல்தான், தெரியும். இருந்தாலும் கேட்டார்கள். தோற்ற பக்கத்துக்கு மனம் என்று ஒன்று இருப்பதாக அரசாங்கம் ஒத்துக்கொண்டது. வென்ற பக்கத்து மல்லிக்கு அது இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. ரணவிருவுக்கு, அதாவது போர் வீரனுக்கு, இரவில் பயம் வரும் என்று சொல்வதே தேசத்துரோகம் மாதிரி ஆகிவிட்டது.

ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. காயப்பட்ட படையினரைப் பராமரிக்க ராகமையில் ரணவிரு செவன இருக்கிறது, அனுராதபுரத்தில் அபிமன்சல இருக்கிறது. கால் போனவரை, முதுகெலும்பு உடைந்தவரை நாடு பார்க்கிறது, பார்க்கவும் வேண்டும். படைகளுக்குள் மனநல வைத்தியர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வாசல் சேவையில் இருப்பவருக்குத் திறந்திருக்கும் வாசல். என் பேச்சு, வெளியே போனவரைப் பற்றியது.

கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தவர்கள் போருக்குப் பிறகு கடற்படையின் சிறப்புப் படையினரை ஆராய்ந்திருக்கிறார்கள். மற்றவர்களைவிட அதிகப் பயங்கரத்தைக் கண்டிருந்தும் அவர்களின் மனநலம் மற்றவர்களைவிட மோசமாக இல்லை என்றுதான் கண்டார்கள். அணிக்குள் இருந்த நெருக்கம் ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். என் வாதத்துக்கு எதிரான செய்தி போலத்தான் முதலில் தெரிந்தது. பிறகு யோசித்தேன். அவர்கள் கேட்டது சேவையில் இருந்தவர்களிடம். பக்கத்துக் கட்டிலில் அதே இரவைக் கண்ட இன்னொருவன் படுத்திருக்கும் வரை ஆள் தாங்குகிறான். அந்தக் கட்டில் இல்லாத ஆளை யார் ஆராய்ந்தார்கள்?

பிரித்தானியாவில் ஆராய்ந்தார்கள். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட 14,000 படையினரின் விபரங்களைப் பொலிஸ் பதிவுகளோடு ஒப்பிட்டு 2013இல் வெளியிட்டார்கள். முப்பது வயதுக்குட்பட்ட ஆண் படையினரில் 20.6 சதவீதத்தினருக்கு வன்முறைக் குற்றப் பதிவு இருந்தது. அதே வயதுப் பொதுமக்களில் 6.7 சதவீதம். நேரடிச் சண்டையில் இருந்தவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இன்னொன்றும் சொன்னார்கள், அதைத்தான் நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். படையில் சேருவதற்கு முன்பே வன்முறைப் பதிவு இருந்தவர்கள்தான் பிறகும் அதிகம் குற்றம் செய்திருந்தார்கள். திரும்பி வந்த பிறகு குடி மிஞ்சியவர்களும் அப்படியே. ஆக, உள்ளே எடுக்கும்போது ஒரு கேள்வி, வெளியே விடும்போது ஒரு கேள்வி. இரண்டும் கேட்கக்கூடிய கேள்விகள்தான்.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் முகாம் இருக்கிறது. 2002 கோடையில் ஆறு வாரத்துக்குள் அந்த முகாமைச் சேர்ந்த நான்கு வீரர்களின் மனைவிமார் கணவர்மாரால் கொல்லப்பட்டார்கள். அந்த நால்வரில் மூவர் ஆப்கானிஸ்தானுக்குப் போய்வந்த சிறப்புப் படையினர். இருவர் மனைவியைக் கொன்ற கையோடு தங்களையும் சுட்டுக்கொண்டார்கள். இராணுவம் விசாரணைக் குழு அனுப்பியது. குடும்பப் பிரச்சினை, பணி அழுத்தம் என்று காரணங்கள் சொன்ன அந்தக் குழு, உதவி கேட்டால் உத்தியோகம் போய்விடும் என்ற பயம் முகாமில் இருப்பதையும் எழுதியது. நான் வத்தளையில் கண்ட அதே பயம்.

ஆனால் பாதாள உலகம் தேடுவது இரவில் அழும் மல்லியை அல்ல, இதையும் சொல்லிவிட வேண்டும். மன உளைச்சல் உள்ளவரெல்லாம் கொலைகாரர் இல்லை. பெரும்பாலோர் தங்களைத்தான் வருத்திக்கொள்கிறார்கள். கூலிக்குச் சுடுபவனுக்கு வேண்டியது நடுங்காத கை, வேலையில்லாத நாள், கடன். மல்லியிடமும் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்தான். இரண்டு தடவை. ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்துவிட்டுப் போனான். "ஒரு வேலை இருக்கிறதாம் அக்கே, ஓட்டோ மூன்று வருடம் ஓடினாலும் வராத காசு" என்று அவரே என்னிடம் சொன்னார். போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அவன் அவருடைய பெயர், படையணி, எந்த ஆயுதத்தில் பயிற்சி என்று எல்லாம் தெரிந்துதான் வந்திருந்தான். அப்போது உங்களிடம் இல்லாத முகவரி அவனிடம் இருந்தது.

ஒரே இராணுவ முகாமிலிருந்து 73 டி-56 துப்பாக்கிகள் பாதாள உலகத்துக்குப் போயின என்று ஜனாதிபதியே நாடாளுமன்றத்தில் சொன்னார். காணாமல் போன துப்பாக்கியை எண்ணத் தெரிந்த நாட்டுக்கு, அதைப் பிடிக்கப் பழக்கிவிட்ட ஆட்களை எண்ணத் தெரியவில்லை. ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், அதில் 59 பேர் இறந்துவிட்டார்கள் என்று 2025 பெப்ரவரியில் வெளிவிவகார அமைச்சர் சொன்னார். போனவர்களில் நம் முன்னாள் படையினர் பலர். இங்கே ஒரு போர், அங்கே ஒரு போர் என்று இரண்டைக் கண்டுவிட்டுத் திரும்பி வரப்போகிறவர்களுக்காக விமான நிலையத்தில் யார் காத்திருக்கிறார்கள்?

ஒரு விஷயத்தில் என்னைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மனநலம் என்று சொல்லிக் குற்றவாளியைத் தப்ப விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2000 டிசம்பரில் மிருசுவிலில் பிள்ளைகள் உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவச் சார்ஜன்டை, உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்த பிறகு, 2020 மார்ச்சில் ஜனாதிபதி மன்னிப்பில் விடுவித்தார்கள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. குற்றத்துக்குத் தண்டனை வேண்டும். மச்சானின் இரண்டு விரலுக்கும் மல்லி பதில் சொல்லத்தான் வேண்டும். நான் கேட்பது, விரல் போகும் முன்பு செய்ய வேண்டியதை.

இராணுவத்தை 2030க்குள் ஒரு லட்சமாகக் குறைக்கப் போவதாக 2023இல் அறிவித்தீர்கள். அப்படியானால் இனிமேல்தான் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வரப்போகிறார்கள். அதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

அடுத்த பொதுமன்னிப்பை அறிவிப்பதானால், விலகல் கடிதம் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போடுங்கள். அங்கே சீருடை இல்லாத ஒரு மனநல வைத்தியரோ தாதியோ அரை மணி நேரம் அவரோடு தனியாகப் பேச வேண்டும்: தூக்கம், குடி, வீட்டில் கைநீட்டல், கடன், வேலை. அங்கே சொல்வதை வைத்துக் கடிதத்தை மறுக்கக்கூடாது, வழக்கும் போடக்கூடாது. 2024இல் கடிதம் வாங்கிப் போன 15,000 பேரையும் இதற்குத் திரும்பக் கூப்பிடுங்கள். முகவரிகள் உங்களிடம் எழுத்தில் இருக்கின்றன.

கைது உத்தரவில் ஒரு விலக்கு எழுதுங்கள். தப்பியோடியவர் அரசாங்க வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு வந்தால், அங்கிருந்து அவரைப் பிடித்துப் போகக்கூடாது.

கொமாண்டோ, விசேட படையணி போன்றவற்றுக்குத் தெரிவு செய்யும்போது உடல் பரிசோதனையோடு என்ன மனப் பரிசோதனை செய்கிறீர்கள், யார் செய்கிறார், எத்தனை பேரை அதில் நிராகரித்தீர்கள் என்று வருடா வருடம் வெளியிடுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். வீட்டு வன்முறைக்கோ அடிதடிக்கோ ஏற்கெனவே பொலிஸ் பதிவு உள்ள ஒருவருக்கு அந்தப் பயிற்சியைக் கொடுக்காதீர்கள். ஆட்பற்றாக்குறை என்ற காரணத்தை ஒரு தரம் ஏற்றுக்கொண்டால் பிறகு எப்போதும் ஆட்பற்றாக்குறைதான். சிறப்புப் பயிற்சி பெற்றவர் வெளியே போனால் முதல் மூன்று வருடமாவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது அவரைப் பார்க்க வேண்டும். என் சித்தி மகனைப் பார்க்கப் போன மாதிரி அல்ல. வேலை இருக்கிறதா, மருந்து இருக்கிறதா என்று கேட்கப் போகிற மாதிரி.

நீதி அமைச்சோடும் பேசுங்கள். முன்னாள் படைவீரர் ஒருவர் வன்முறைக் குற்றச்சாட்டில் விளக்கமறியலுக்குப் போனால், அவருடைய மனநல அறிக்கையை நீதவான் கேட்பது வழக்கமாக வேண்டும். அது பிணைக்காக அல்ல. அவர் திரும்பி வரப்போகும் வீட்டில் ஒரு பெண்ணும் ஒரு குழந்தையும் இருப்பதால்.

கடைசியாக, மனைவிமாருக்கு ஒரு தொலைபேசி இலக்கம் கொடுங்கள். முகாம் இலக்கம் வேண்டாம். எடுப்பவர் படையைச் சேராதவராக இருக்க வேண்டும், சிங்களத்திலும் தமிழிலும் பேச வேண்டும், "ஆள் எங்கே" என்று முதலில் கேட்கக்கூடாது. இரவு இரண்டு மணிக்கும் அதை யாராவது எடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
புதுக்கடையில் வேலை செய்யும் ஓர் எழுதுவினைஞர்